தாத்தா கேட்ட மூணு கேள்வி: அல்பாகாவிலிருந்து ஊட்டி கொயினா வரைக்கும்

இந்த எபிசோடை ரிஷிவந்தியத்துல எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுநடுவுல கரும்பு டிராக்டர் போற சத்தம் வந்தா பொறுத்துக்கங்க. எழுத்தா படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.

வழக்கமா கல்வெட்டு, கோட்டை, மலையமான்னு நம்ம நடுநாட்டுக் கதைதான் பேசுவோம். இன்னிக்கு ஒரு மிருகத்தைப் பத்திப் பேசப்போறோம். பேரு அல்பாகா. தென்னமெரிக்காவுல, ஆண்டிஸ் மலையில வளர்க்கிற ஒரு ஜீவன். இதுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு, அது ஊட்டி வழியா வருது. கொஞ்சம் சுத்தித்தான் வரணும்.

பண்ணையில் ஒரு வீடியோ கால்

போன வருஷம் ஆபீஸ் வேலையா மூணு மாசம் சிட்னியில இருந்தேன். ஒரு சனிக்கிழமை டீம்ல நாலு பேரு சேர்ந்து கோல்பர்ன் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். சிட்னியில இருந்து தென்மேற்கே ரெண்டு மணி நேரக் கார்ப் பயணம். கோல்பர்ன் செம்மறி ஆட்டுக்குப் பேர்போன ஊர். கான்கிரீட்ல 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு மெரினோ கிடா சிலையே வெச்சிருக்காங்க. எங்க ஊர்ல அய்யனாருக்குக் குதிரை நிக்குற மாதிரி அங்க கிடா நிக்குது.

நாங்க போன பண்ணையில ஒரு முப்பது அல்பாகா இருந்துச்சு. உயரம் என் நெஞ்சு அளவு, கழுத்து நீளம், கண்ணு பெருசு. ஒரு வாளியில தீவனம் கொடுத்து, கையில வெச்சு நீட்டுங்கன்னு சொன்னாங்க. அதோட மேல் உதடு நடுவுல பிளந்திருக்கு. ரெண்டு விரல் மாதிரி அந்த உதட்டை அசைச்சு என் உள்ளங்கையில இருந்து பொறுக்கித் தின்னுச்சு. தின்னுக்கிட்டே ‘ம்ம்ம்’னு மூக்கால ஒரு முனகல். கூட்டத்துல எல்லாமே அப்படித்தான் முனகிக்கிட்டே இருக்கு. அதுதான் அதுங்க பேசிக்கிற விதம்.

அம்மாவுக்குக் காட்டலாம்னு வீடியோ கால் போட்டேன். அம்மா பார்த்துச் சிரிச்சுட்டு போனைத் தாத்தா கையில கொடுத்துட்டாங்க.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க தாத்தா ஆடு மேய்ச்சவர். பட்டியில 62 செம்மறி இருந்துச்சு. 2014-ல எனக்கு இன்ஜினியரிங் சீட்டு கிடைச்சது. அந்த மாசமே ஒரு வேன்ல 62-ம் போயிடுச்சு. முதல் வருஷ ஃபீஸ், ஹாஸ்டல், லேப்டாப் எல்லாம் அதுலதான். அன்னியிலிருந்து அவர் ஆட்டைப் பத்திப் பேச மாட்டார். யாராவது பேச்செடுத்தா எழுந்து போயிடுவார். பத்து வருஷம் அப்படித்தான் போச்சு.

அந்த மனுஷன் போன் ஸ்கிரீன்ல அல்பாகாவைப் பார்த்துட்டு, கண்ணைச் சுருக்கிக்கிட்டுக் கேட்டார்: “மேல் பல்லு இருக்கா பாரு.” அப்புறம், “காலைக் காட்டு.” அப்புறம், “புழுக்கை எங்க போடுது?”

மூணுக்கும் எனக்குப் பதில் தெரியல. பண்ணைக்காரம்மாவைக் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். ரூமுக்கு வந்த பிறகு அந்த மூணு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோடு.

பல்லும் காலும்

முதல் கேள்வி, மேல் பல். செம்மறிக்கு மேல் தாடையில முன்பல் கிடையாது. அங்க கெட்டியான ஈறுதான். கீழ்ப் பல்லை அந்த ஈறுல அழுத்திப் புல்லைக் கடிக்கும். சந்தையில ஆட்டோட வாயைப் பிளந்து ரெண்டு பல்லு, நாலு பல்லுன்னு எண்ணி வயசு சொல்றாங்களே, அது கீழ்ப் பல் கணக்கு. அல்பாகாவுக்கும் அதே கதை. முன்பக்கம் மேல் பல் இல்ல, ஈறுதான். அசையும் போடும். ஆனா ஆடு, மாட்டுக்கு வயிறு நாலு அறை. அல்பாகாவுக்கு மூணு.

ரெண்டாவது, கால். ஆட்டுக்கு இருக்கிற மாதிரி கடினமான குளம்பு இல்ல. ரெண்டு விரல், நுனியில நகம், அடியில மெத்தை மாதிரி தோல். தாத்தா இதைப் பார்த்ததும், “இது ஆடு ஜாதி இல்லடா, ஒட்டகம்” என்றார். அவர் வாழ்க்கையில ஒட்டகத்தைப் பார்த்தது ரெண்டு தடவை, அதுவும் சர்க்கஸ்ல.

அவர் சொன்னது சரி. ஒட்டகக் குடும்பம் தோன்றியது அரேபியாவுல இல்ல, வட அமெரிக்காவுல. நாலு கோடி வருஷத்துக்கு முந்தின எலும்புகள் அங்கே கிடைக்கின்றன. பிறகு ஒரு கிளை வடக்கே, அன்று நிலமாக இருந்த பெரிங் பகுதி வழியாக ஆசியாவுக்கு வந்தது. ராஜஸ்தான் ஒட்டகத்தின் முன்னோர் அதுதான். இன்னொரு கிளை, பனாமா நிலப்பாலம் உருவான பின், சுமார் 30 லட்சம் வருஷத்துக்கு முன் தெற்கே இறங்கி ஆண்டிஸ் மலைக்குப் போனது. பிறந்த வீடான வட அமெரிக்காவில் பனியுகத்தின் கடைசியில் அந்தக் குடும்பமே அழிந்துபோனது.

தெற்கே போன கிளையில் இன்று நாலு இனம். காட்டில் இருப்பவை குவானாக்கோ, விக்குன்யா. வீட்டில் வளர்ப்பவை யாமா, அல்பாகா. யாமா பொதி சுமக்கப் பழக்கியது. அல்பாகா முடிக்காக வளர்த்தது. அல்பாகாவின் மூதாதை எது என்பதில் ரொம்ப நாள் சண்டை இருந்தது. 2001-ல் வந்த மரபணு ஆய்வுதான் அது விக்குன்யாவிலிருந்து வந்தது என்று காட்டியது. அதற்குப் பிறகு அறிவியல் பெயரையே மாற்றினார்கள்.

பழக்கியது எப்போது? பெருவில் ஹூனின் பகுதியில் தெலார்மாச்சாய் என்று ஒரு பாறைக்குகை. அங்கே தோண்டியபோது, கீழ் அடுக்குகளில் வேட்டையாடிய மான், விக்குன்யா எலும்புகள் கலந்து கிடந்தன. மேலே வர வர, பிறந்து சில நாளில் இறந்த ஒட்டகக் குடும்பக் குட்டிகளின் எலும்பு அதிகமாகிக்கொண்டே போனது. வேட்டைக்காரன் அவ்வளவு பச்சைக் குட்டிகளைக் கொண்டுவர மாட்டான். பட்டியில் அடைத்து வளர்க்கும்போதுதான் நோய் வந்து குட்டிகள் கொத்தாகச் சாகும். அதை வைத்து, சுமார் 6000 வருஷத்துக்கு முன்பே அங்கே பட்டி இருந்தது என்று கணக்கிட்டார்கள். இதைத் தாத்தாகிட்ட சொன்னப்ப அவர் ஆச்சரியப்படல. “மழைக்காலத்துல பட்டியை மாத்தலன்னா குட்டி நிக்காது”னு மட்டும் சொன்னார்.

புழுக்கைக் கேள்வி

மூணாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடல.

நம்ம பக்கம் கிடை போடுறது எல்லாருக்கும் தெரியும். அறுப்பு முடிஞ்ச வயல்ல ராத்திரி மந்தையை மடக்கி வைப்பாங்க. புழுக்கையும் மூத்திரமும் வயல் பூரா விழும். மறுநாள் அடுத்த வயல். நிலத்துக்காரர் அதுக்கு நெல்லோ காசோ கொடுப்பார். தாத்தாவுக்குக் குட்டி வித்த காசு ஒரு வருமானம்னா, கிடைக் காசு இன்னொரு வருமானம். அதனாலதான் புழுக்கை எங்க போடுதுன்னு கேட்டார்.

அல்பாகா கண்ட இடத்துல போடாது. மொத்தக் கூட்டமும் ஒண்ணு ரெண்டு இடத்தை வெச்சுக்கிட்டு, அங்கேயே போய் வரிசையில நின்னு போட்டுட்டு வரும். பண்ணையில அந்தக் குவியலை நானே பார்த்தேன். தாத்தாகிட்ட சொன்னதும், “அப்ப கிடைக்கு ஆகாது”ன்னு ஒரே வார்த்தையில முடிச்சார். கொஞ்சம் யோசிச்சுட்டு, “ஆனா அள்ளறது சுலபம்” என்றார்.

இந்த ரெண்டாவது வாக்கியத்துலதான் ஒரு நாகரிகத்தோட கதையே இருக்கு. ஆண்டிஸில் அல்பாகா மேயும் புல்வெளி கடல்மட்டத்திலிருந்து 4000 மீட்டருக்கு மேல். நம்ம தொட்டபெட்டா உயரம் 2637 மீட்டர்தான். அந்த உயரத்தில் மரம் வளராது. அடுப்பெரிக்க விறகு கிடையாது. காய்ந்த புழுக்கைதான் எரிபொருள். கீழே உருளைக்கிழங்கு, மக்காச்சோள வயலுக்கு அதுதான் எரு. ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதால் அள்ளி மூட்டை கட்டி யாமா முதுகில் ஏற்றிவிடலாம்.

பெருவில் மார்க்கக்கோச்சா என்று ஒரு சின்ன ஏரி. அதன் அடிச்சேற்றை ஆராய்ந்தவர்கள் மகரந்தத்தையும், சாணத்தைத் தின்று வாழும் நுண்ணிய பூச்சிகளின் மிச்சத்தையும் எண்ணினார்கள். சுமார் 2700 வருஷத்துக்கு முன் ஏரிக்கரையில் மக்காச்சோள மகரந்தம் தோன்றுகிறது. அதே காலத்தில் சாணப் பூச்சியின் எண்ணிக்கையும் ஏறுகிறது. அந்த உயரத்தில் சோளம் விளைய வைத்தது மந்தையின் எருதான் என்பது அவர்கள் முடிவு. 2011-ல் இந்த ஆய்வு வந்தபோது செய்தியாகப் பேசப்பட்டது. சோளம் விளைந்ததால் சேமிப்பு, சேமிப்பால் படை, சாலை, கடைசியில் இன்கா பேரரசு.

முடிச்சுக் கணக்கு

இன்கா அரசில் துணிக்குத் தங்கத்தை விட மதிப்பு அதிகம் என்று சொல்வார்கள். அல்பாகா, விக்குன்யா முடியில் நெய்த ‘கும்பி’ என்ற மெல்லிய துணியை அரசன் பரிசாகக் கொடுப்பான். அதை நெய்வதற்கென்றே தேர்ந்தெடுத்த பெண்கள் தனி வளாகங்களில் இருந்தார்கள்.

எழுத்து இல்லாத அரசு அது. கணக்கைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள். அதன் பெயர் கிப்பு. பருத்தியிலும் இந்த மிருகங்களின் முடியிலும் திரித்த கயிறுகள். ஒரு தலைக்கயிறு, அதிலிருந்து தொங்கும் கிளைக்கயிறுகள். முடிச்சின் இடத்தைப் பொறுத்து ஒன்று, பத்து, நூறு என்று மதிப்பு மாறும். முடிச்சே இல்லாத இடம் பூஜ்யம். எத்தனை வீடு, எத்தனை மூட்டை சோளம், மந்தையில் எத்தனை உருப்படி என்றெல்லாம் இதில் இருந்தது. டேட்டாபேஸ்ல வேலை செய்யுற எனக்கு இதைப் படிச்சப்ப ஒரு சின்னப் பொறாமையே வந்துச்சு.

1532-ல் ஸ்பானியர் வந்தார்கள். போரும் பெரியம்மையும் மனிதர்களைக் கொன்றன. மேய்ச்சல் நிலத்தை அவர்கள் கொண்டுவந்த ஆடு மாடு பிடித்துக்கொண்டது. நூறு வருஷத்துக்குள் யாமா, அல்பாகா மந்தைகளில் பெரும்பகுதி அழிந்தது. மிச்சம் இருந்தது யாருக்கும் வேண்டாத உச்சி மலையில்தான்.

அழிந்தது எண்ணிக்கை மட்டுமா? தென் பெருவில் எல் யரால் என்ற ஊரில், சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் வீட்டுத் தரைக்கடியில் பலியாகப் புதைத்த யாமாக்களும் அல்பாகாக்களும் உலர்ந்து அப்படியே கிடைத்தன. ஜேன் வீலர் என்ற ஆய்வாளர் அவற்றின் முடியை அளந்து பார்த்தார். இன்றைய அல்பாகா முடியை விட மெல்லியது, உடல் முழுக்க ஒரே சீரானது. அவ்வளவு நுணுக்கமாகக் கிடாவைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கத் தெரிந்த மேய்ப்பர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அந்த மேய்ப்பர்கள் போனதும் அறிவும் போனது. யாமாவும் அல்பாகாவும் கண்டபடி கலந்தன. இன்றைக்கும் விஞ்ஞானிகள் அந்தப் பழைய மெல்லிய முடியைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

பிராட்ஃபோர்டு, பிறகு சிட்னி

முந்நூறு வருஷம் உலகம் அல்பாகாவைக் கவனிக்கல. 1836 வாக்கில் இங்கிலாந்தின் லிவர்பூல் கிடங்கில் யாரும் வாங்காமல் கிடந்த அல்பாகா முடி மூட்டைகளை டைட்டஸ் சால்ட் என்ற பிராட்ஃபோர்டு கம்பளி வியாபாரி பார்த்தார். பருத்தி, பட்டு நூலோடு சேர்த்து நெய்யும் வழியைக் கண்டுபிடித்தார். பளபளப்பான, எடை குறைந்த துணி. பெரும் பணக்காரரானார். 1853-ல் பிரம்மாண்டமான ஆலை திறந்து, தொழிலாளர்களுக்கு ஒரு ஊரையே கட்டினார். சால்டேர் என்ற அந்த ஊர் இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அந்தத் துணி நம்ம நாட்டுக்கும் வந்தது. அந்தக் காலத்து வக்கீல், குமாஸ்தா போட்ட கறுப்பு அல்பாகா கோட்டு அதுதான். வெயிலுக்குக் கனக்காத கோட்டு.

முடிக்குக் கிராக்கி வந்ததும், மிருகத்தையே கொண்டுபோய் நம்ம காலனியில வளர்த்தா என்னன்னு பிரிட்டிஷ்காரங்களுக்கு ஆசை. பெரு அரசு முந்திக்கொண்டது. 1840-களிலேயே உயிருள்ள அல்பாகாவை வெளியே கொண்டுபோகத் தடை போட்டது.

இங்கதான் சார்லஸ் லெட்ஜர் வருகிறார். 1818-ல் லண்டனில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பெருவுக்கு வேலைக்குப் போய், கம்பளியும் மரப்பட்டையும் வியாபாரம் செய்தவர். அவர் பல வருஷம் திட்டம் போட்டு, மந்தையைப் பொலிவியா, அர்ஜென்டினா வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு, ஆண்டிஸைத் தாண்டி சிலி நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். வழியில் பனியிலும் பசியிலும் செத்தவை ஏராளம். 1858 நவம்பர் கடைசியில் சிட்னி துறைமுகத்தில் 250-க்கும் அதிகமான அல்பாகா, யாமா, விக்குன்யாவோடு இறங்கினார். கூடவே தென்னமெரிக்க மேய்ப்பர்களும் வந்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு மந்தையை 15,000 பவுண்டுக்கு வாங்கியது.

திட்டம் தோல்வி. மந்தை பெருகவில்லை, நோய் வந்தது, அரசு ஆர்வம் இழந்தது. சில வருஷத்தில் மந்தையைப் பிரித்துக் கொடுத்துக் கைகழுவினார்கள். அந்த மந்தை கடைசியாக இருந்த இடங்களில் ஒன்று கோல்பர்ன் பக்கம். நான் போன பண்ணைக்கு ரொம்ப தூரம் இல்ல. இப்போது ஆஸ்திரேலியாவில் இருப்பவை 1980-களின் கடைசியில் சிலியிலிருந்து புதிதாக வந்தவற்றின் வாரிசு. முடிக்காக மட்டும் இல்ல, செம்மறி மந்தைக்குக் காவலாகவும் அல்பாகாவை விடுகிறார்கள். குட்டியைத் தூக்க நரி வந்தால் துரத்தி மிதிக்கும். இதைக் கேட்டதும் தாத்தா சிரிச்சார்: “நரிக்குச் சரி. திருடனுக்கு?”

பண்ணையில ஒரு சின்னத் தகவல் பலகை இருந்துச்சு. அதுல லெட்ஜர் பேரு இருந்துச்சு. மந்தையை ஓட்டிக்கிட்டு வந்தவங்க பேரு ஒண்ணுகூட இல்ல.

மாமானி

லெட்ஜர் கதை இத்தோட முடிஞ்சிருந்தா நான் இந்த எபிசோடே பண்ணியிருக்க மாட்டேன்.

மலேரியாவுக்கு அன்று இருந்த ஒரே மருந்து கொயினா. சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. அந்த மரம் வளர்வதும் ஆண்டிஸ் சரிவில்தான். இந்தியாவில் படைவீரனும் கூலியும் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்ததால் பிரிட்டிஷ் அரசு 1859-ல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவரைப் பெருவுக்கு அனுப்பியது. அவர் கொண்டுவந்த நாற்றுகள் பிழைக்கவில்லை. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்து அனுப்பிய சிவப்புப் பட்டை மர விதைகள்தான் ஊட்டியில் முளைத்தன. ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார். நடுவட்டத்தில் காடு வெட்டவும் நடவும் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அவர்களை அடைத்த சிறைக் கட்டிடம் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் சிவப்புப் பட்டையில் கொயினா கம்மி.

கொயினா அதிகமுள்ள மரம் பொலிவியாவில் இருந்தது. எந்த மரம், எந்தச் சரிவு, எந்த மாதம் விதை முற்றும் என்று தெரிந்தவர் மானுவேல் இங்க்ரா மாமானி. அய்மாரா பழங்குடி மனிதர். பட்டை உரிக்கும் தொழில் செய்தவர். லெட்ஜரிடம் பல வருஷம் வேலை பார்த்தவர். லெட்ஜர் கேட்டதற்காக மாமானி விதை எடுக்கப் போனார். ஒவ்வொரு வருஷமும் பனி விழுந்து காய் கருகியது. நாலு வருஷம் காத்திருந்தார். 1865-ல் நல்ல விதை கிடைத்ததும், மலை தாண்டி நடந்து வந்து லெட்ஜர் கையில் கொடுத்தார். விதையை வெளியே கொடுப்பது அவர் நாட்டில் குற்றம்.

லெட்ஜர் விதையை லண்டனிலிருந்த தன் தம்பிக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் அரசு அக்கறை காட்டவில்லை. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு விதையை சுமார் 100 கில்டருக்கு வாங்கினார்கள். மிச்சத்தை இந்தியாவில் தோட்டம் வைத்திருந்த மணி என்பவர் வாங்கினார். நம்ம ஊர் மணி இல்ல, வெள்ளைக்காரர். இந்தியா வந்ததும் அந்த விதையை அரசாங்கத் தோட்டத்தில் கொடுத்து வேறு சின்கோனா விதை வாங்கிக்கொண்டார். கைக்கு வந்தது என்னவென்று இங்கே யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஜாவாவில் டச்சுக்காரர்கள் நட்டார்கள், பட்டையைச் சோதித்தார்கள். சில மரங்களில் கொயினா பத்து சதவீதத்துக்கும் மேல். பிறகு உலகின் கொயினாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது நேச நாட்டுப் படைகள் மருந்துக்குத் திண்டாடின. அந்த மரத்துக்கு வைத்த பெயர் சின்கோனா லெட்ஜேரியானா.

மாமானி? மறுபடி விதை சேகரிக்கப் போனபோது 1871-ல் கொரோய்க்கோ என்ற ஊரில் பிடிபட்டார். சிறையில் பட்டினி போட்டு அடித்தார்கள். யாருக்காக விதை எடுத்தார் என்று கேட்டு அடித்தார்கள் என்று லெட்ஜரே பின்னால் எழுதினார். வெளியே வந்து கொஞ்ச நாளில் இறந்துபோனார்.

லெட்ஜரும் செழிப்பாகச் சாகவில்லை. 1890-களின் வங்கி நெருக்கடியில் சேமிப்பை இழந்து, கடைசிக் காலத்தில் டச்சு அரசு கொடுத்த சின்ன ஓய்வூதியத்தில் வாழ்ந்து 1905-ல் சிட்னியில் இறந்தார். ஆனா அவருக்கு ஒரு மரத்தோட பேராவது மிஞ்சுச்சு.

கொயினா தண்ணி

இப்போ கள்ளக்குறிச்சிக்கு வருவோம். இந்தியாவில் அரசுத் தோட்டங்களில் தயாரான கொயினா, வங்காளத்தில் 1892-லிருந்து தபால் ஆபீஸில் ஒரு பைசாப் பொட்டலமாக விற்கப்பட்டது. நீலகிரியிலும் தொழிற்சாலை இருந்தது. வால்பாறை பக்கம் பிறகு போட்ட தோட்டத்தால் ஒரு ஊருக்கே சின்கோனா என்று பெயர். மரம் போயும் பெயர் நிற்கிறது.

இதையெல்லாம் ஊருக்கு வந்த பிறகு தாத்தாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். மாமானி அடி வாங்கின இடத்துல அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் அவங்க அப்பாவைப் பத்திச் சொன்னார். கோடையில இங்க புல் காஞ்சதும் அவர் மந்தையை ஓட்டிக்கிட்டு கல்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் போவாராம். ஒரு வருஷம் குளிர்காய்ச்சலோட திரும்பி வந்தார். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது, மேல நாலு கம்பளி போட்டும் நடுக்கம் நிக்கல. ஆஸ்பத்திரியில கொயினா தண்ணி கொடுத்தாங்க. காது அடைச்சுப் போற அளவுக்குக் கசப்பு. பிழைச்சுக்கிட்டார். தாத்தா பிறந்தது அதுக்கு அப்புறம்.

“அப்ப அந்த ஆளு விதை எடுக்கலன்னா நான் இல்ல, நீயும் இல்ல”ன்னார் தாத்தா. எந்தத் தோட்டத்துக் கொயினா எங்க கொள்ளுத்தாத்தா தொண்டையில இறங்குச்சுன்னு நிரூபிக்க முடியாது. நீலகிரியாவும் இருக்கலாம், ஜாவாவாவும் இருக்கலாம். நான் அதைச் சொல்லி அவரைத் திருத்தல.

அன்னிக்கு ராத்திரி போன்ல ரெக்கார்டர் ஆன் பண்ணி அவர் பக்கத்துல வெச்சேன். பத்து வருஷம் பேசாதவர் நாற்பது நிமிஷம் பேசினார். மேச்சேரி ஆட்டுத் தோலுக்கு ஏன் வியாபாரி கூடுதல் விலை கொடுக்கிறான், கருங்குறும்பை முடியில நெய்த கம்பளியில மழைத்தண்ணி ஏன் இறங்காது, துள்ளுமாரி வர்றதுக்கு முதல் நாள் ஆடு எப்படி நிக்கும், கிடை மடக்குறப்ப காத்து எந்தப் பக்கம் இருக்கணும். சின்னசேலத்துல அரசு ஆட்டுப்பண்ணை இருக்கு, தலைவாசல் பக்கம் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையமே வந்தாச்சு. அங்க இருக்கிறவங்களுக்கு இதுல பாதி தெரிஞ்சிருக்கும். மீதிப் பாதி இந்தத் திண்ணையில மட்டும்தான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

நடுவுல ஒரு தடவை கேட்டேன், “2014-ல வித்ததுக்கு வருத்தமா தாத்தா?” அவர் நேரடியாப் பதில் சொல்லல. “அந்த வெள்ளை மறி, நெத்தியில பொட்டு இருக்குமே, அது நிறைசினையா இருந்துச்சு. வேன்ல ஏத்தறப்ப ஓட்டுறவன்கிட்ட மெதுவாப் போகச் சொன்னேன்”னார். அவ்வளவுதான். ஆயா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாங்க, எழுந்து போயிட்டார்.

அந்த நாற்பது நிமிஷத்தை அடுத்த எபிசோடா போடப்போறேன். எடிட் ரொம்பப் பண்ண மாட்டேன். உங்க வீட்டுல ஆடு மேய்ச்சவங்க, மாடு ஓட்டினவங்க, பட்டை உரிச்சவங்க யாராவது இருந்தா, போனை ஆன் பண்ணிப் பக்கத்துல வைங்க. முதல்ல அவங்க கேள்வி கேட்கிற மாதிரி ஏதாவது ஒண்ணைக் காட்டுங்க. நான் அல்பாகா காட்டினேன்.

அடுத்த எபிசோடுல தாத்தா பேசுவார்.